பதினோரு வினாடி ரிஃபாத்

ஐந்தாவது திருகாணி மட்டும் அசையவில்லை. திருப்புளியின் நுனியை ஸ்பிரிட்டில் நனைத்துத் திருகாணியின் தலைப்பள்ளத்தில் பொருத்தி, ஒரு மயிரிழை இடப்பக்கம், ஒரு மயிரிழை வலப்பக்கம் என்று அந்தக் கைகள் அசைத்துக்கொண்டிருந்தன. வேகமாகத் திருகினால் தலை வழுக்கிவிடும். பிறகு கேசட்டை உடைக்க வேண்டியதுதான். உடைத்தால் உள்ளே இருக்கும் நாடாவில் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் பேசியவர் திக்குவாயராகிவிடுவார்.

கடைசியில் திருகாணி கிறீச்சிட்டு இளகியது. மேல்மூடியைத் தூக்கி, இரண்டு சக்கரங்களையும் விரல் படாமல் எடுத்துப் புதிய கூட்டில் வைத்து, நாடாவைத் துணிக் கத்தரியின் முனையால் உருளைகளைச் சுற்றிக் கொண்டுவந்தன கைகள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. பஞ்சைச் சுற்றிய குச்சியால் ஒவ்வொரு சாணாகத் துடைத்தன. கூட்டை மூடி டேப் டெக்கில் போட்டு அழுத்தியதும் ஒரு முழு நிமிடம் இரைச்சல். அப்புறம் தொண்டையைச் செருமும் சத்தம்.

"ரிஃபாத், தம்பி, நான் பெகிர் பேசறேன். உன் ரெண்டு கண்ணுலயும் முத்தம். ஆடு எல்லாம் நல்லா இருக்கு..."

நெஜ்மி டெக்கை நிறுத்தினார். கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அட்டையில் எழுதினார்: "பத்தொன்பது. பெகிர். ஆடு. ரிஃபாத் இல்லை." முந்தைய பதினெட்டு அட்டைகளிலும் கடைசி இரண்டு வார்த்தைகள் அவைதான்.

பக்கத்து முடிதிருத்தும் கடை ஜாபர் தேநீர்க் கோப்பையோடு வாசலில் வந்து நின்றான். "என்னண்ணே, பெகிர் மாமா இன்னும் ஆடு மேய்ச்சு முடிக்கலையா?"

"மேய்ச்சுட்டே இருக்காரு. போற போக்கப் பாத்தா எனக்கும் ரெண்டு ஆடு வாங்கிக் குடுத்துருவாரு."

"அஞ்சு வாரமா கேக்குறேன். அந்தக் கறுப்பு ஆடு குட்டி போட்டுச்சா இல்லையா? அதையாவது சொல்லுங்க."

"போட்டுச்சு. ரெட்டைக் குட்டி. போடா, போய் எவன் தலையையாவது செரை."

ஜெர்மனியின் சுரங்க ஊரான இந்தக் கெல்சன்கிர்ஷனில் நெஜ்மியின் கடையைத் தெரியாத துருக்கியர் வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. பன்னிரண்டு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். பதினாறில் சுரங்கத்தின் தொழிற்பள்ளியில் சேர்ந்து, தரைக்கு ஆயிரம் மீட்டர் கீழே தொலைபேசி ரிப்பேர் செய்யப் பழகினார். ரேடியோவும் டெக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. குப்பைக்கு வந்ததைப் பிரித்துப் பார்த்துத் தானே கற்றது. சுரங்கத்தை மூடியபோது கடை திறந்தார். ஊர்ச் சேனல் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு பால்கனியும் டிஷ் கேட்ட காலத்தில் இந்தத் தெருவின் பாதி டிஷ்களை மாட்டியது அவர்தான். இப்போது செல்போன் கண்ணாடி மாற்றுகிறார். ஒரு பொருளைக் கையில் வாங்கிவிட்டால் "ஆகாது" என்று திருப்பிக் கொடுப்பது அவருக்கு ஒத்துவராது. அதனால் அவர் மனைவிக்கு வந்த எரிச்சல்கள் தனிக்கதை.

இந்த இருபத்து மூன்று கேசட்டுகளை மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினார். கொண்டுவந்தவள் நில்குன். வார நாட்களில் பள்ளியில் வேலை. விடுமுறைகளில், எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லாமல், இரவல் கேமராவோடு ஆறு வருடமாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இங்கே விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேராகக் கிடந்த சுரங்கத் தொழிலாளிகள், அங்கே ஊரில் அவர்களுக்காகக் காத்திருந்த பெண்கள், இவர்களைப் பற்றிய படம். நடுவில் அவளுடைய அப்பா ரிஃபாத். அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது, விடுமுறைக்கு ஊர் போகும் வழியில் யூகோஸ்லாவிய நெடுஞ்சாலையில் கார் கவிழ்ந்து இறந்துபோனவர். அவர் முகம் அவளிடம் ஒன்பது போட்டோக்களில் இருந்தது. குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

விடுதியில் அவரோடு இருந்த பதினான்கு கிழவர்களைப் படத்துக்காகப் பேசவைத்திருந்தாள். பதினான்கு பேரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "ரிஃபாத்தா? என்னமா பேசுவான்!" எப்படிப் பேசுவார் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் நிலவறையில் குழாய் வெடித்து, சாமான்களை வெளியே எடுக்கும்போது அம்மா எல்மாஸின் பிஸ்கட் டப்பா கிடைத்தது. டப்பா நிறையக் கேசட். அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் கடிதம் என்றால் கேசட்தான். லீவுக்கு ஊர் போகிறவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான், பதிலோடு திரும்புவான். நில்குன் படத்தின் நடுவில் நாற்பது வினாடி இடம் விட்டுவைத்தாள். விடுதி ஜன்னலருகே அப்பா நிற்கும் போட்டோ, அதன்மேல் அவர் குரல். வேறு ஒன்றும் இல்லை. கொலோனில் ஒரு சிநேகிதரின் ஒலிக்கூடம் ஒரே ஒரு நாள் அவளுக்குக் கிடைத்திருந்தது, வியாழக்கிழமை. அன்று ஒலியைச் சேர்த்துப் படத்தை முடித்துத் திங்களன்று திரைப்பட விழாவுக்கு அனுப்பியாக வேண்டும்.

முதல் எட்டுக் கேசட்டிலும் பெகிர்தான் வந்தார். ரிஃபாத்தின் அண்ணன். நடுவில் எப்போதாவது எல்மாஸ், ஏதோ போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பதுபோல், "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா" என்பாள். அவ்வளவுதான்.

எட்டாவது முடிந்த வாரம்தான் எல்மாஸ், கீரையை மாவில் மடித்துச் சுட்ட பெரெக் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். எழுபது வயது. வாசலிலேயே குரல் வந்துவிடும்.

"நெஜ்மி, சாப்புடு. எலும்பும் தோலுமா இருக்க. என் பொண்ணு உன்னை வாட்டி எடுக்குறாளா?"

"சித்தி, ஒண்ணு கேக்கணும். இதுல சித்தப்பா எங்க? எட்டுக் கேசட் பாத்துட்டேன். எல்லாத்துலயும் உங்க மூத்தாரு ஆட்டுக் கதை."

"அவரு பேசினத நாங்க கேட்டுட்டோமே."

"கேட்டுட்டு?"

"கேட்டுட்டு அதுமேலயே பதில் பேசி அனுப்பிட்டோம். பின்ன? கேசட் என்ன மரத்துலயா காய்க்குது? ஒரே கேசட்டுதான் போகும், வரும், தேஞ்சு போனாத்தான் இங்க டப்பாவுக்குப் போகும். அவரு பேசுவாரு, நாங்க அதுமேல பேசுவோம், அவரு எங்க மேல பேசுவாரு."

நெஜ்மி கையிலிருந்த பெரெக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "அப்ப இங்க வந்து தங்குனது எல்லாம்..."

"நாங்க கடைசியாப் பேசினது."

"அவரு கடைசியாப் பேசினது?"

"ஊர்ல. பெகிர் அண்ணன் வீட்டுல வச்சுட்டு வந்தேன். அதுமேல அவரு மவன் கல்யாணத்து மேளத்தப் பிடிச்சுட்டாங்க. போன வருஷம் என் பொண்ணு போன் பண்ணிக் கேட்டா. வேணும்னா மேளத்த அனுப்புறோம்னாங்க."

நெஜ்மிக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. ரிஃபாத் அரைமணி நேரம் பேசி, ஊரார் இருபது நிமிடம்தான் பதில் சொல்லியிருந்தால் கடைசிப் பத்து நிமிடம் ரிஃபாத் அப்படியே இருப்பார். பேச்சு முடிந்தால் மிச்ச நாடாவைக் காலியாக விட்டு அனுப்புவீர்களா என்று கேட்டார்.

எல்மாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "காலியாவா? நல்லாக் கேட்ட! அடுத்த வீட்டுத் தட்டு நம்ம வீட்டுக்கு வந்தா காலியாத் திருப்பி அனுப்புவோமா? அது மாதிரிதான் இதுவும். மலை தாண்டிக் கடல் தாண்டி வருது. பேச்சு தீந்துட்டா பெகிர் அண்ணன் பாடுவாரு. பாட்டுத் தீந்துட்டா ரேடியோகிட்ட வைப்போம். அதுவும் இல்லேன்னா ஆட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டு வந்துருவேன், அது பாட்டுக்குக் கத்திட்டுக் கெடக்கும். ஒரு விரக்கட நாடாகூட நான் சும்மா அனுப்புனதில்ல!"

அவள் சொன்னது உண்மை. மிச்சமிருந்த கேசட்டுகளில் கடைசி அங்குலம்வரை ஏதோ ஒன்று நிரப்பப்பட்டிருந்தது. ஒன்றின் இரண்டாம் பக்கம் முழுக்க ஆடுகள். நெஜ்மி அதையும் விடாமல் கேட்டார். எந்த இடத்தில் எது ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது.

காலியான பெரெக் தட்டு கடை அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. போட்டுக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. கடையில் பழம் வாங்கிப் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் வேலையை முடிக்காமல் பழத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அதன் நீலப்பூக்கள் அவரைப் பார்த்தன.

புதன்கிழமை மத்தியானம் இருபத்து மூன்றும் முடிந்தன. நில்குன் பள்ளியிலிருந்து நேராக வந்தாள். அவள் வருவாள் என்று தெரிந்து எல்மாஸ் முன்கூட்டியே வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஜ்மி இருபத்து மூன்று அட்டைகளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். நில்குன் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"ரிஃபாத் இல்லை. ரிஃபாத் இல்லை. ரிஃபாத் இல்லை. ஏண்ணே, இத ஒரே அட்டையில எழுதியிருக்கலாமே."

"எழுதியிருக்கலாம்."

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நான் கெளம்பணும். நாப்பது செகண்டு. ஆறு வருஷத்துல நான் கேட்டது நாப்பது செகண்டு." அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஆட்டுச் சத்தம் போட்டு அழிச்சிருக்கியேம்மா. அப்பாவ, ஆட்ட விட்டு!"

"நீ படம் எடுப்பேன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? நீ பொறக்கவே இல்லடி அப்போ."

"ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு கேசட்ட எடுத்து வைக்கணும்னு தோணலையா?"

"எதுக்கு எடுத்து வைக்கணும்? ஆளுதான் உசிரோட இருந்தாரே!"

நில்குன் தேநீர்க் கோப்பையில் சர்க்கரைக் கட்டியைப் போட்டு, கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தாள். நெஜ்மி அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். எல்மாஸ் அவற்றில் ஒன்றை விரலால் தொட்டாள்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"பதினொண்ணு. பெகிர். பேட்டரி பலவீனம். வேகம் சரிசெய்தது."

"இதுதான் எலிக் கேசட்டு!" அவள் முகம் மலர்ந்தது. "பெகிர் அண்ணன் எலி மாதிரிப் பேசுவாரே. இங்க விடுதியில போட்டுக் கேட்டுட்டு எல்லாரும் உருண்டு பொரண்டு சிரிச்சாங்களாம். நான் வந்தப்பறம் இவ அப்பா பேசிக் காட்டுவாரு. எங்க, போடு பாப்போம்."

நெஜ்மி கணினியில் இருந்ததைப் போட்டார். பெகிர் தன் வழக்கமான கனத்த குரலில் ஆடுகளைப் பற்றிப் பேசினார்.

"இது எலி இல்லையே," என்றாள் எல்மாஸ்.

"நான் சரி பண்ணிட்டேன் சித்தி. பேட்டரி தீந்து போய் மெதுவாச் சுத்துனதால, நாம போடறப்ப குரல் கீச்சுன்னு ஓடும். மத்த கேசட்டுல இருக்குற கனத்துக்கு இறக்கிட்டேன். அடியில ஒரு உறுமல் சத்தம் வேற வந்துச்சு, மோட்டார் சத்தம், அதையும் வடிகட்டிட்டேன்."

"யாரு உன்னைச் சரி பண்ணச் சொன்னா? எனக்கு எலி வேணும்."

நில்குன் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அம்மா, இப்ப எலியா முக்கியம்?"

"நாங்க சிரிச்சது இருந்துட்டுப் போகட்டுமேடி. மத்தது எல்லாந்தான் போச்சே."

நெஜ்மி பதினொன்றாம் கேசட்டைத் தேடி எடுத்து டெக்கில் போட்டார். எதையும் திருத்தாமல், வடிகட்டாமல், அது இருந்தபடி. பெகிர் எலியாகக் கீச்சிட்டார். கறுப்பு ஆடு, ரெட்டைக் குட்டி, வைக்கோல், மழை. எல்மாஸ் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நில்குனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெகிருக்கு நடுவில் ஏதோ சத்தம் கேட்டிருக்க வேண்டும். "இரு, கதவச் சாத்திட்டு வரேன்," என்று எலிக்குரலில் சொல்லிவிட்டு எழுந்து போனார். ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்டு மணி ஒன்று படு வேகமாகக் கிணுகிணுத்தது.

அதன் அடியில், சுவருக்கு அப்பால் பேசுவதுபோல், ஒரு மனிதக் குரல். எலி அல்ல. இயல்பான வேகத்தில் பேசும் ஒரு மனிதர்.

நெஜ்மியின் கை தானாக நிறுத்தப் போய், நிறுத்தாமல் நின்றது. கதவு சாத்தும் சத்தம், செருப்புச் சத்தம், ஓர் இருமல், மறுபடியும் எலி.

"அது யாரு?" என்றாள் நில்குன்.

நெஜ்மியின் காது மடல்கள் சிவந்திருந்தன. பேட்டரி தீர்ந்தால் நாடா மெதுவாக ஓடும் என்பது மட்டும் அல்ல. ரெக்கார்டரில் பழையதை அழிக்கும் காந்தத் தலைக்கும் தெம்பு இருக்காது. பாதிதான் அழிக்கும். இது அவருக்கு முப்பது வருடமாகத் தெரியும். தெரிந்திருந்தும் பெகிரைச் சரிசெய்கிறேன் என்று வேகத்தைக் குறைத்து, அடியிலிருந்த குரலை உறுமலாக்கி, அதை மோட்டார் சத்தம் என்று தன் கையாலேயே வடிகட்டியிருந்தார். ஊரார் அழிக்காமல் விட்டதை அவர் அழித்திருந்தார். நல்லவேளை, நகலில்தான்.

"நான் ஒரு கழுதை," என்றார். நாடாவைப் பின்னால் ஓட்டி, ஒலியைக் கூட்டி, மறுபடி போட்டார். மூன்றாம் முறை வார்த்தைகள் பிடிபட்டன.

"...அந்தப் பாவி என் சட்டியில வறுத்துட்டான், மணல் போட்டுத் தேச்சும் வாடை போகல. சரி, அத விடுங்க. எல்மாஸ் அங்க இருக்காளா? இருந்தா பேச வேணாம், எல்லாரும் இருப்பீங்க. தலைய மட்டும் ஆட்டச் சொல்லுங்க..."

அதோடு செருப்புச் சத்தம் வந்துவிட்டது.

நில்குன் தன் செல்போனில் நேரம் பார்த்திருந்தாள். "பதினோரு செகண்டு," என்றாள். "அம்மா, இவரா?"

எல்மாஸ் டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள்.

"இவருதான். மூக்கால பேசுவாரு." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "இத நான் கேட்டதே இல்ல," என்றாள்.

"எல்லாரும் சேந்துதானம்மா கேப்பீங்க?"

"எல்லாரும்னா எல்லாருமா? நான் புதுப்பொண்ணு. அவங்க உள்ள உக்காந்து கேப்பாங்க, நான் தேத்தண்ணி ஊத்திட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவேன். பதில் பேசறப்பத்தான் என்னைக் கூப்புடுவாங்க, நல்லா இருக்கேன்னு சொல்லுன்னு." அவள் குரல் உயர்ந்தது. "தலைய ஆட்டச் சொல்லியிருக்காரு. ஒருத்தராவது எங்கிட்ட வந்து சொன்னாங்களா? சட்டியில எவனோ பன்னிக்கறி வறுத்ததச் சொன்னாங்க. அந்தச் சட்டிக் கதைய ஊரே பேசிச்சு. இத ஒருத்தரும் சொல்லல. பெகிரு, நாசமாப் போன பெகிரு, ஆட்டப் பத்தி மட்டும் அரை மணி நேரம் பேசத் தெரியுது!"

"பெரியப்பா செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சும்மா."

"அதனால? செத்தா சொல்ல வேண்டியதில்லையா?"

ஜாபர் என்னவோ கேட்க வாசலுக்கு வந்தவன், முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான்.

நில்குன் அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். நாற்பதில் பதினொன்று போனால் இருபத்தொன்பது வினாடிகள் ஊமையாக நிற்கும். "அந்த மணிச் சத்தத்தையாவது எடுத்துக் குடுங்கண்ணே. அப்பா குரல் மட்டும் தனியாக் கேக்கட்டும்."

அன்று பொழுது சாயும்வரை நெஜ்மி அதைத்தான் செய்தார். மணியைக் கொஞ்சம் குறைத்தால் ரிஃபாத்தின் குரல் தகரமாயிற்று. இன்னும் குறைத்தால் எல்மாஸின் பெயர் தேய்ந்தது. முழுக்க எடுத்தால் மணியோடு ரிஃபாத்தும் போய்விட்டார். ஏழு விதமாகச் செய்து பார்த்து ஏழையும் அழித்தார். கடைசியில் இருந்ததை இருந்தபடியே வைத்து, பெகிரின் இருமலுக்கு ஒரு மூச்சு முன்னால் முடித்துக்கொண்டார். பிறகு அதையும் மாற்றி இருமலை உள்ளே விட்டார். இருமல் இல்லாவிட்டால் குரல் ஏன் நின்றது என்று கேட்கிறவனுக்குப் புரியாது.

பதினொன்றாம் அட்டையை எடுத்து, "வேகம் சரிசெய்தது" என்பதை அடித்தார். கடைசி வரியில் எழுதினார்: "ரிஃபாத், பதினோரு வினாடி."

வியாழன் காலை ஆறே முக்காலுக்கு நில்குனின் கார் கடை வாசலில் நின்றது. எல்மாஸும் கூட வந்திருந்தாள். கொலோனுக்குப் போகவில்லை, வழியனுப்பத்தான் என்றாள். ஆனால் தலையில் நல்ல முக்காடு. நெஜ்மி பென்டிரைவை நில்குனிடம் கொடுத்தார்.

"மணிய எடுக்க முடியல."

"எடுக்க முடியாதா, எடுக்கலையா?"

"எடுத்தா உங்க அப்பாவும் வெளிய போயிடறாரு. ஏழு தடவ பாத்துட்டேன்."

நில்குன் பென்டிரைவைக் கையில் புரட்டினாள். அவள் முகத்தில் திருப்தி இல்லை. "இருபத்தொன்பது செகண்டுக்கு நான் என்ன பண்றது?"

"தெரியல. படம் உன்னுது. மூணு நாள்ல தரேன்னு சொல்லி அஞ்சு வாரம் ஆக்கி, நாப்பது கேட்டதுக்குப் பதினொண்ணு தரேன். எனக்கும் நேத்து ராத்திரி சோறு எறங்கல."

அவள் பென்டிரைவைச் சட்டையின் உள்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

நெஜ்மி உள்ளே போனார். பதினொன்றாம் கேசட் மேஜைமேல் இருந்தது. அதன் முதுகு ஓரத்தில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள். அவை இருக்கிறவரை யாரும் அதன்மேல் பேசலாம், பாடலாம், ஆட்டைக் கத்த விடலாம். திருப்புளியின் நுனியை வைத்து ஒன்றை நெம்பினார். டக். மற்றொன்றையும் நெம்பினார். டக். உடைந்த துணுக்குகளைக் குப்பையில் போட்டார். அலமாரியிலிருந்து நீலப்பூத் தட்டை எடுத்துக் குழாயில் கழுவி, ஏப்ரனின் சுத்தமான பக்கத்தால் ஈரம் போகத் துடைத்து, கேசட்டை அதன் நடுவில் வைத்தார்.

வாசலுக்கு வந்து, இரண்டு கையாலும் தட்டை எல்மாஸிடம் நீட்டினார்.